செவிக்கும் எட்டவேண்டிய தேசப்படங்கள்

விஞ்ஞானச் செய்திகளைப் பொதுமக்களிடையே பரப்பும் பணியில் படங்களுக்குள்ள இடம் மிகப் பெரிது என்பது யாவரும் அறிந்ததே. 1786ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டினரான வில்லியம் பிளேஃபேர் என்பவர், இங்கிலாந்தின் வாணிபக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரைந்து ஒரு நூலை வெளியிட்டார். எண்கள் நிறைந்த அட்டவணையை வரிவரியாகப் படித்து மனத்திற் கொள்வதைவிட, அவ்வெண்களின் ஏற்றத்தாழ்வை ஒரே பார்வையில் கண்டுகொள்வது எளிது என்பதே அவருடைய கருத்து. அன்று முதல் வரைபடமும் தேசப்படமும் விஞ்ஞானத்தின் மொழியாகவே ஆகிவிட்டன. மழையளவு, காட்டுத்தீ, நோய்ப் பரவல், பயிர் விளைச்சல் ஆகிய எதுவாயினும் அரசாங்க இலாகாக்கள் அதனை இன்று படமாகவே மக்கள் முன் வைக்கின்றன. அப்படங்களும் காகிதத்தை விட்டு வலைத்தளங்களுக்குக் குடிபெயர்ந்து, தொட்டால் விரிவனவாகவும் நகர்த்தினால் மாறுவனவாகவும் வளர்ந்துள்ளன.

ஆனால் அந்த ‘ஒரே பார்வை’ எல்லோருக்கும் வாய்ப்பதன்று. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடுடையோர் சுமார் 50 இலட்சம் பேர். அவர்களிலே படித்தோரும், பள்ளி ஆசிரியர்களும், வங்கி ஊழியர்களும், வழக்கறிஞர்களும் பலர் உளர். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் ‘திரைவாசிப்பான்’ என்னும் சாதனமே இவர்கட்கு வாசல். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் இருவர் 2006ஆம் ஆண்டில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவச வாசிப்பான் இந்தியாவிலும் பரவலாகப் பயன்படுகிறது. எழுத்து எழுத்தாக இருக்கும்வரை இச்சாதனம் தன் கடமையைச் செவ்வனே செய்யும். படம் வந்ததும் அது வாயடைத்து நின்றுவிடுகிறது. ‘படம்’ என்ற ஒரு சொல்லையோ, பொருளற்ற கோப்பின் பெயரையோ கூறிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடும். விஞ்ஞானச் செய்தியின் உயிர்நாடி அப்படத்திலேயே இருக்குமாயின், கேட்பவருக்கு எஞ்சுவது முன்னுரையும் முடிவுரையுமே.

இந்நிலையை மாற்றுவது தயையின்பாற்பட்ட காரியமன்று, கடமையின்பாற்பட்டது. அக்கடமை படம் தயாராகி முடிந்த பின் யாரேனும் ஒரு கணிப்பொறி ஊழியர் தலையில் ஏற்றப்படுவது முறையன்று. படத்தை முதலில் வகுக்கும் விஞ்ஞானியிடமும் அதன் விவரங்களைத் திரட்டும் களப்பணியாளரிடமும் அது தொடங்கவேண்டும்.

ஒரு மலையின் தேசப்படம்

கர்நாடக மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, மாதேஸ்வரன் மலை அமைந்துள்ளது. முன்னர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 1997இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதனுடன் சேர்ந்தது. மலையைச் சூழ்ந்த காடுகள் 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அதன் பரப்பு சுமார் 906 சதுர கிலோமீட்டர். ஹூக்யம், பாலாறு, இராமாபுரம் முதலிய வனச்சரகங்களைக் கொண்ட இக்காட்டில் யானைகளும் புலிகளும் வாழ்கின்றன. சோலிகர் என்னும் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உள்ளன. மலைமேல் உள்ள மாதேஸ்வரர் கோயிலுக்குக் கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் திரளாக வருகின்றனர்.

இச்சரணாலயத்தின் தேசப்படம் ஒன்று வலைத்தளத்தில் இருப்பதாகக் கொள்வோம். பார்வையுள்ளவர் அதனை நோக்கியதும் எல்லை எது, ஆறு எது, சாலை எது என்பது விளங்கிவிடும். திரைவாசிப்பானைக் கொண்டு கேட்பவருக்கு ‘மாதேஸ்வரன் மலை தேசப்படம்’ என்று மட்டும் சொன்னால், பூட்டிய பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துக் காட்டியது போலாகும். கீழ்க்கண்டவாறு எழுதினால் பெட்டி திறக்கும்:

‘மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயமும் அதன் அண்டைக் காடுகளும். மேற்கில் பிலிகிரி ரங்கநாதர் கோயில் புலிகள் காப்பகம்; வடக்கிலும் கிழக்கிலும் காவிரி வனவிலங்குச் சரணாலயம்; தெற்கிலும் தென்கிழக்கிலும் தமிழ்நாட்டின் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமும் ஈரோடு மாவட்டத்துக் காடுகளும். பாலாறு மாநில எல்லையை ஒட்டிப் பாய்ந்து மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு மேற்புறத்தில் காவிரியிற் கலக்கிறது. கோயிலுக்கு இரு முக்கிய சாலைகள்: ஒன்று கொள்ளேகாலத்திலிருந்து ஹனூர், கவுதள்ளி, தாளபெட்டா வழியாக; மற்றொன்று மேட்டூரிலிருந்து கொளத்தூர், பாலாறு வழியாக.’

இவ்வாறு எழுதியதில் அலங்காரம் ஏதுமில்லை. திசை முதலில், எல்லை அடுத்து, ஆறும் சாலையும் பின்னர் என்ற ஒழுங்கே உள்ளது. கண் ஒரு படத்தை முழுமையாகக் கண்டு, பின்னர் வேண்டிய இடத்தில் நிலைக்கிறது. செவிக்கு அந்த வசதி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக வருவதையே அது ஏற்கும். ஆகவே முழுமையைச் சுருக்கமாக முதலிற் கூறி, விவரங்களைப் பிரிவு பிரிவாகப் பின்னர் வைப்பதே செவிக்குரிய தேசப்படம். நாற்பது இடங்களின் பெயர்களை அகரவரிசையில் கொட்டிவிட்டால் அது பட்டியல் ஆகுமேயன்றிப் படம் ஆகாது.

மேலும், எந்த வினாவுக்கு விடையாகப் படம் வரையப்பட்டது என்பதே விளக்கத்தைத் தீர்மானிக்கும். அதே மலையின் தேசப்படத்தில் காட்டுத்தீ கண்ட இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டப்படுவதுண்டு. டேராடூனிலுள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக் கோள்களின் உணர்விகள் கண்டறியும் வெப்பப் புள்ளிகளை வனத்துறையினருக்கு எச்சரிக்கையாக அனுப்பிவருகிறது; அவற்றுள் ஒருவகை உணர்வி 375 மீட்டர் அளவுள்ள நிலத்துண்டையும் பிரித்துக் காணவல்லது. இப்படத்தைப் பார்ப்பவருக்கு வேண்டியது யாது? தீ எந்தச் சரகத்தில், எந்தப் பீட்டில், எந்த நேரத்தில் காணப்பட்டது, அருகிலுள்ள குடியிருப்பு எவ்வளவு தொலைவு என்பனவே. இவற்றை நேரவாரியாகவும் சரகவாரியாகவும் அடுக்கிய அட்டவணையே இங்குச் சிறந்த விளக்கம். புள்ளிகளின் நிறத்தை வருணிப்பதால் எவருக்கும் பயனில்லை.

சட்டமும் தீர்ப்பும்

இவ்விஷயத்தில் நாட்டில் விதிகளுக்குப் பஞ்சமில்லை. மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அதன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் வெளியாகும் செய்திகள் யாவும் அனைவரும் அணுகத்தக்க வடிவில் இருக்குமாறு செய்யும் பொறுப்பை அரசாங்கத்திடம் ஒப்படைக்கிறது. இந்திய அரசாங்க வலைத்தளங்களுக்கான நெறிமுறைகள் முதன்முதல் 2009இல் வெளிவந்து, 2018இலும் 2023இலும் திருத்தப்பெற்றன. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரைகளாக நிற்றல் ஆகாது, கட்டாய விதிகளும் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் விதி வழங்கும் உயிர் வாழ்வுரிமையின் பகுதியே என்று உரைத்தது.

எனினும் விதி வேறு, நடைமுறை வேறு என்பதற்கு 2021ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று போதும். கொரோனா நோய்த் தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் ‘கோவின்’ வலைத்தளத்தைப் பார்வையற்றோர் பயன்படுத்த இயலவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் தன் ஆணையிற் சுட்டியது. காலியாக உள்ள இடங்களின் எண்ணிக்கையை அவர்கள் கேட்டறிய முடிந்ததேயொழிய, அவ்வெண் எதற்குரியது என்பதை அறிய இயலவில்லை. அட்டவணையின் கட்டங்கள் அவற்றுக்குரிய வரிசைகளோடும் நிரல்களோடும் பொருத்தப்படாமையே காரணம். விசைப்பலகையைக் கொண்டு தளத்தில் நகர்வதற்கும் வசதி இல்லை. கண்ணுக்குத் தலைப்பும் கட்டமும் நேர்க்கோட்டில் தெரிந்தன. செவிக்கு வெறும் எண்களே கேட்டன. உயிர் காக்கும் மருந்தின் முன்னிலையில், ஓர் அட்டவணையின் அமைப்பு எத்துணைப் பெரிய விஷயமாகிறது என்பதை இது காட்டுகிறது.

இக்குறை இந்தியாவிற்கே உரியதன்று. உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் பத்து இலட்சம் வலைத்தளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் அமெரிக்க நிறுவனம் ஒன்று, 2025இல் அவற்றுள் 94.8 சதவீதத்தில் அணுகற் பிழைகளைக் கண்டது. படங்களுக்கு மாற்றுரை இல்லாமை அப்பிழைகளுள் முன்னணியில் நிற்பது.

செய்யத்தக்க முறைகள்

வலைத்தொழில் நுட்பத்திற்கு விதி வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, சிக்கலான படங்களுக்கு இருபடி விளக்கம் வேண்டும் என்று கூறுகிறது. முதற்படி, படம் இன்னது என்று ஓரிரு வரிகளில் அறிவிக்கும் மாற்றுரை. இரண்டாம் படி, படத்திலுள்ள செய்தி முழுவதையும் தரும் நீள்விளக்கம். இந்நீள்விளக்கம் மறைவான இடத்தில் இருத்தல் வேண்டா. படத்தின் கீழேயே எல்லோரும் படிக்கும்படி இருப்பது நன்று.

நீள்விளக்கத்தில் எதனை எழுதுவது? 2021இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர் இதனை ஆராய்ந்து, விளக்கங்களை நான்கு படிகளாகப் பிரித்தனர். படத்தின் வகையும் அச்சுகளும் முதலாவது. மிகுதி, குறைவு, சராசரி போன்ற கணக்கு இரண்டாவது. ஏற்றம், இறக்கம், விலக்கு போன்ற போக்கு மூன்றாவது. அதற்கான காரணமும் சூழலும் நான்காவது. பார்வையற்ற 30 பேரிடமும் பார்வையுள்ள 90 பேரிடமும் இவ்விளக்கங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டபோது, பார்வையுள்ளோர் நான்காவதை விரும்ப, பார்வையற்றோரில் பலர் அதனை வேண்டாமென்று ஒதுக்கினர். அவர்கள் பயனுள்ளவை எனக் கொண்டவை இரண்டாவதும் மூன்றாவதுமே. எண்களையும் போக்கையும் கொடுங்கள், பொருளை அவர்களே முடிவு செய்வார்கள் என்பது இதன் கருத்து. விளக்கம் எழுதுவோர் அனைவரும் இதனை மனத்திற் கொள்ளல் நலம்.

சாமராஜநகர் மாவட்டத்தின் மாதவாரி மழை வரைபடத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ‘நீல நிறப் பட்டைகள் பன்னிரண்டு’ என்பது வீண் பேச்சு. ‘மழை இரு உச்சங்களை உடையது, மே மாதத்தில் ஒன்று, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதனினும் பெரியது மற்றொன்று, ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை மிகக் குறைவு’ என்பதே மூன்றாம் படிக்குரிய விளக்கம். இதனுடன் பன்னிரு மாதங்களின் அளவுகளையும் அட்டவணையாகத் தந்துவிட்டால் குறை ஒன்றுமில்லை.

தொட்டால் விரியும் வகைப் படங்களுக்கு மேலும் சில ஏற்பாடுகள் வேண்டும். எஸ்.வி.ஜி. என்னும் படவகை 2001 முதல் வழக்கிலுள்ளது. கோடுகளையும் வடிவங்களையும் எழுத்துக் குறிப்புகளாகவே சேமிக்கும் இவ்வகையில், ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பும் விளக்கமும் சேர்க்க இடம் உண்டு. நிழற்படமாக மாற்றிவிட்டால் இவ்வசதி அழிந்துவிடும். படத்தின் பகுதிகள் அனைத்தையும் சுட்டியின் உதவியின்றி விசைப்பலகையாலேயே அடையும்படி அமைக்கவேண்டும். நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்லலாகாது. சிவப்பு என்பதோடு முக்கோணம், பச்சை என்பதோடு வட்டம் என வடிவமும் துணைநிற்க வேண்டும். எண்களின் ஏற்ற இறக்கத்தை இசையின் ஏற்ற இறக்கமாகக் கேட்கச் செய்யும் முறையும் இன்று வளர்ந்துள்ளது. பார்வையிழந்த பின்னரும் இம்முறையால் விண்மீன்களின் ஒளியளவுகளை ஆராய்ந்துவரும் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த விஞ்ஞானி வாண்டா டயஸ் மெர்செட் இதற்குச் சான்றாவார்.

தமிழுக்குரிய தடைகள்

தமிழ்ப் பக்கங்களில் மேற்கூறியவற்றோடு வேறு சில இடர்களும் உள. பக்கம் தமிழிலிருக்க, படத்தின் மாற்றுரை மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுவது வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்பிற்கு வரும் தாளில் மாற்றுரை இடம்பெறாமையே இதற்குக் காரணம். பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறி இடப்படாவிடில், வாசிப்பான் தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலிற் படிக்க முயன்று திணறும். சிற்சில வேளைகளில் அறவே விட்டுவிடும்.

இதனினும் பெரிய இடர் எழுத்துருவைப் பற்றியது. தமிழ்நாடு அரசாங்கம் 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் நியமமாக ஏற்றது. ஆயினும் பழைய குறியேற்றங்களில் அச்சான கோப்புகளும், அச்சுத்தாளை நிழற்படமாக எடுத்து ஏற்றிய கோப்புகளும் இன்னும் பல உள்ளன. முன்னது வாசிப்பானுக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். பின்னது வெற்றுத் தாள். அங்கே படம் மட்டுமின்றிப் பக்கம் முழுவதுமே பேசாப் படமாகிவிடுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முன்னின்று இந்திய மொழிகளுக்குச் செயற்கைக் குரல்களை உருவாக்கியுள்ளது. குரல் ஆயத்தமாக இருக்கிறது, பேசுவதற்குரிய எழுத்தைக் கொடுப்பது வெளியிடுவோர் கையில் உள்ளது.

சில ஆட்சேபங்கள்

பயன்பெறுவோர் சிலரே, அவர்களுக்காக இத்துணை உழைப்பு வேண்டுமா என்று கேட்போர் உண்டு. மாதேஸ்வரன் மலை போன்ற காட்டுப் பகுதியில் பணிபுரியும் வனக்காவலரை எண்ணிப் பார்க்கவேண்டும். கைப்பேசித் தொடர்பு நலிந்த பள்ளத்தாக்கில் பெரும்படம் திறவாது. நான்கு வரி எழுத்து வந்து சேரும். நண்பகல் வெயிலில் திரையின் நிறங்கள் மங்கும். நிறக்குருடு உள்ளவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தோன்றும். பார்வையற்றோருக்காக எழுதிய விளக்கம் இவர்கள் அனைவருக்கும் உதவும்.

இயந்திர அறிவு வளர்ந்துவிட்ட இக்காலத்தில் படத்தைப் பார்த்து இயந்திரமே விளக்கம் கூறிவிடாதா என்பது அடுத்த ஆட்சேபம். ஒருவர் எடுத்த நிழற்படத்தை வருணிக்க அச்சாதனம் பெரிதும் பயன்படுவது உண்மையே. ஆனால் வரைபடத்திலுள்ள எண்களை அது தவறாகக் கூறுவதுண்டு. இல்லாத எண்ணை உறுதியோடு உரைப்பதும் உண்டு. கேட்பவருக்கோ அதனைச் சரிபார்க்க வழியில்லை. வரைபடத்தின் எண்கள் யாவும் அதனை வெளியிடும் இலாகாவிடமே உள்ளன. அவற்றைப் படமாக மாற்றி மறைத்துவிட்டு, அப்படத்திலிருந்து எண்களை ஊகிக்குமாறு இயந்திரத்தை ஏவுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாகும்.

படம் சொல்வதைச் சொல்லால் முழுதும் சொல்லிவிட இயலுமா என்று மூன்றாவதாகக் கேட்கலாம். முழுதும் இயலாதுதான். மலைத்தொடரின் வளைவையும் ஆற்றின் போக்கையும் விரலால் தடவி அறிவது தனி அறிவு. அதனாலன்றோ, 1956இல் தொடங்கப்பெற்றுக் கல்கத்தாவில் இயங்கிவரும் தேசியத் தேசப்பட நிறுவனம், 2017இல் பிரெய்ல் முறையில் இந்தியத் தேசப்படத் தொகுதியை வெளியிட்டது. சொல் விளக்கமும் தடவிக் காணும் படமும் ஒன்றுக்கொன்று துணை. முழுதும் இயலாது என்பதற்காக இயன்றதையும் விட்டுவிடுவது நியாயமன்று.

ஊழியரும் ஆசிரியரும்

களப்பணியாளர் ஒரு படத்தை மேலிடத்திற்கு அனுப்புகையில், அதன் அடிப்படையான அட்டவணையையும் இணைத்து அனுப்புதல் வேண்டும். அளவு எடுத்த தேதி, அளவின் அலகு, இடத்தின் பெயர் ஆகியவற்றை எழுத்தாற் குறிக்கவேண்டும். படம் என்ன காட்டுகிறது என்பதை மூன்று வரிகளில் எழுதிச் சேர்க்கலாம். அம்மூன்று வரிகளை எழுத இயலவில்லையெனின், அப்படம் பார்வையுள்ளவருக்கும் தெளிவாக இராது என்பது நிச்சயம்.

ஆசிரியர்களுக்கு இதில் இருவகைப் பங்கு உண்டு. பார்வையற்ற மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் மற்றவரோடு பயில்கின்றனர். பார்வையற்ற ஆசிரியர்களும் வகுப்பெடுக்கின்றனர். கரும்பலகையில் வரைபடம் வரையும்போதே வாயாலும் அதனை வரைவது ஒரு பழக்கம். சில வாரங்களில் கைகூடிவிடும். ‘இது இங்கே ஏறுகிறது’ என்பதற்கு மாறாக, ‘மே மாதத்தில் ஏறுகிறது’ என்று சொன்னால் போதும். தடவிக் காணும் படத்திற்கும் பெருஞ்செலவு வேண்டா. அட்டையொன்றில் காவிரிக்குத் தடித்த நூலும், பாலாற்றுக்கு மெல்லிய நூலும், மலைமுகடுகளுக்குப் புளியங்கொட்டைகளும் பசையால் ஒட்டினால் மாதேஸ்வரன் மலை மாணவனின் விரலுக்கு எட்டிவிடும். வலைத்தளப் படங்களில் விளக்கம் இல்லாதவற்றைக் கண்டால் உரிய இலாகாவுக்கு எழுதித் தெரிவிப்பதும் ஆசிரியர்கள் செய்யத்தக்க தொண்டு. கேட்பார் இல்லாத குறை தீர்வதில்லை.

இறுதியாக, அரசாங்க வெளியீடுகளைப் பொறுத்தவரை ஓர் ஒழுங்கு ஏற்படுவது அவசியம். மாற்றுரையும் நீள்விளக்கமும் அட்டவணையும் இல்லாத படம் எதுவும் வெளியீட்டுக்கு ஏற்கப்படலாகாது. படத்தை ஆக்கிய இலாகாவே விளக்கத்தையும் ஆக்கவேண்டும். அவ்விளக்கம் மற்ற உரையோடு சேர்ந்தே மொழிபெயர்ப்பிற்குச் செல்லவேண்டும். வெளியிடும் முன், திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர் அதனைக் கேட்டுப் பார்த்துக் கருத்துக் கூறவேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. வேலையின் வரிசையைச் சற்றே மாற்றிக்கொள்வது போதும். பொதுப் பணத்தில் திரட்டிய அறிவு பொதுமக்கள் அனைவருக்கும் உரியது. அதனைக் கேட்டறிவோருக்கும் அவ்வுரிமை குறைவின்றிக் கிடைக்குமாறு, அடுத்து வெளிவரும் படத்திலிருந்தே இவ்வொழுங்கைத் தொடங்குவது சாலச் சிறந்தது.